கல்வராயன் மலை ஆர்க்கிடுகளும் விதைகளின் உறைகுளிர்ச் சேமிப்பும்

விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து 2019-இல் உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மேற்குப் புறத்தை அடைத்து நிற்கும் கல்வராயன் மலை, ஜவ்வாது, சேர்வராயன், சித்தேரி, பச்சைமலை, கொல்லிமலை ஆகியவற்றைப் போலவே கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் தமிழகப் பகுதியைச் சேர்ந்தது. வடபகுதியான சின்னக் கல்வராயன் ஏறத்தாழ 2,700 அடி உயரமும் தென்பகுதியான பெரிய கல்வராயன் ஏறத்தாழ 4,000 அடி உயரமும் கொண்டவை. அடிவாரத்தில் முட்புதர்க் காடும், அதற்கு மேல் கோடையில் இலையுதிர்க்கும் காடும், உச்சிப் பகுதிகளில் புல்வெளிகளுக்கிடையே சோலைக்காட்டுத் திட்டுகளுமாக உயரத்துக்கேற்பத் தாவரங்கள் மாறிக்கொண்டே போகும் இம்மலையில், மலையாளி பழங்குடியினர் மரவள்ளியும் சிறுதானியங்களும் பயிரிட்டும், கடுக்காய், தேன் முதலிய காடுபடு பொருள்களைச் சேகரித்தும் வாழ்ந்துவருகின்றனர். 1976 வரை ஜாகீர்தார்களின் கையில் இருந்து, அதன் பிறகே அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்த நிலப்பகுதி இது. திருச்சி தூய வளனார் கல்லூரியின் ரபினாட் தாவரக் காப்பகத்தை நடத்திய இயேசு சபைத் துறவி கே. எம். மாத்யூ, 1980களின் முற்பகுதியில் வெளியிட்ட தமிழ்நாட்டுக் கர்நாடகப் பகுதியின் தாவரத் தொகுதி நூல்களில், நடுத் தமிழகத்தின் பிற மலைகளோடு கல்வராயனின் தாவரங்களும் முறையாகப் பதிவாகியுள்ளன.

இவ்வகை வறண்ட மலைகளில் ஆர்க்கிடுகள் வளரும் என்பதே பலருக்குப் புதிய செய்தியாக இருக்கக்கூடும். பூக்கடையில் நெகிழித் தாள் சுற்றி விற்கப்படும் ஊதாநிறக் கொத்துகளைப் பார்த்துப் பழகியவர்கள், ஆர்க்கிட் என்றால் சிக்கிம் அல்லது தாய்லாந்து என்றே எண்ணுகின்றனர். இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் 2019-இல் வெளியிட்ட பட்டியலின்படி இந்தியாவில் 1,256 ஆர்க்கிட் இனங்கள் உள்ளன. அவற்றுள் 388 இந்தியாவைத் தவிர வேறெங்கும் இல்லாதவை. மொத்த இனங்களில் பாதிக்கும் மேற்பட்டவை தொற்றுத்தாவரங்கள், அதாவது மரக்கிளைகளைப் பற்றிக்கொண்டு, ஆனால் மரத்தின் சாற்றை உறிஞ்சாமல், மழைநீரையும் பட்டையில் படியும் மக்கையும் கொண்டே வாழ்பவை. கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் தமிழகப் பகுதியில் பரவலாகக் காணப்படும் வாண்டா டெசல்லேட்டா இவ்வகையைச் சேர்ந்தது. பழுப்பும் மஞ்சளும் கலந்த கட்டங்கள் இட்ட இதழ்களும் நீலச்சாயலான உதடும் கொண்ட இதன் மணமுள்ள பூவைச் சாலையோரப் புளியமரத்திலும் பழைய மாமரத்திலும்கூடக் காணலாம்; இதன் வேரை மூட்டுவலிக்கு மருந்தாகப் பயன்படுத்தும் வழக்கம் நாட்டின் பல பகுதிகளில் உண்டு. தோல்போல் தடித்த இலைகளையுடைய அகாம்பே பிரேமோர்சா, நீண்ட பூங்கொத்தைத் தொங்கவிடும் சிம்பிடியம் அலோய்ஃபோலியம் ஆகியவையும் இம்மலைத்தொடரில் பரவியுள்ள தொற்று ஆர்க்கிடுகளே. கோடை முழுவதும் மண்ணுக்கடியில் கிழங்காக உறங்கி, மழை பெய்ததும் தலைகாட்டும் ஹபனேரியா, யூலோஃபியா, நெர்விலியா போன்ற தரை ஆர்க்கிடுகள் வேறு.

இவற்றில் எதுவும் உலகப் புகழ் பெற்றதல்ல, எதுவும் அழிவின் விளிம்பில் நிற்பதாகப் பெரிதாகப் பேசப்படுவதுமில்லை. அக்காரணத்தாலேயே இவை பாதுகாப்புத் திட்டங்களின் கண்ணில் படாமல் போகின்றன. அரிதானபின் காப்பாற்ற முனைவது எவ்வளவு கடினம் என்பதற்குத் தென்னிந்தியாவிலேயே சான்று உண்டு. அகத்தியமலைப் பகுதியில் மட்டும் இயற்கையாக வளரும் பாஃபியோபெடிலம் ட்ரூரி என்னும் மஞ்சள்நிறச் செருப்புப்பூ ஆர்க்கிட், 19-ஆம் நூற்றாண்டில் கர்னல் ட்ரூரி என்பவரால் கண்டறியப்பட்ட காலந்தொட்டுச் செடி சேகரிப்பவர்களின் பேராசைக்கு இரையாகி, காட்டில் காண்பதே அரிது என்னும் நிலைக்குச் சுருங்கியது. இன்று அது மிகக் கடுமையான அழிவு அபாயத்தில் உள்ள இனமாக வகைப்படுத்தப்பட்டுள்ளது. அதன் பேரினம் முழுவதையும் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் காக்கிறது, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் இணைப்பும் தடைப்பட்டியலில் வைத்திருக்கிறது. கேரளத்தின் பாலோட்டில் உள்ள ஜவாஹர்லால் நேரு வெப்பமண்டலத் தாவரவியல் தோட்டம் மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் இச்செடியைச் சோதனைச்சாலையில் பெருக்குவதற்கு உழைத்திருக்கிறது. எனினும் எஞ்சிய சில செடிகளிலிருந்து தொடங்கும் எந்த முயற்சியும், இழந்துபோன மரபணு வேறுபாடுகளை மீட்டுத்தர முடியாது. செடி ஏராளமாக இருக்கும்போது விதையைச் சேமிப்பது எளிது, செலவும் குறைவு. அந்த வகையில் கல்வராயன் போன்ற, பெயர் அடிபடாத மலைகளிலிருந்துதான் ஆர்க்கிட் விதைச் சேமிப்பு தொடங்கப்பட வேண்டும்.

இனம் ஒன்றே ஆயினும் இடத்துக்கு இடம் அதன் உள்ளியல்பு மாறும் என்பதும் இங்குக் கருதத்தக்கது. ஆண்டில் பல மாதங்கள் மழையின்றி, இலையுதிர்ந்த மரக்கிளையில் நேர்வெயிலைத் தாங்கிப் பல தலைமுறைகள் வாழ்ந்த ஒரு செடித்தொகுதியின் மரபணுக்களில், ஈரமான மலைச்சரிவில் வாழும் அதே இனத்துச் செடிகளிடம் இல்லாத தாங்குதிறன் தேங்கியிருக்க வாய்ப்புண்டு. நாட்டில் வேறெங்கோ அந்த இனம் இருக்கிறது என்பதற்காகக் கல்வராயன் தொகுதியை அழியவிடுவது, வெப்பம் ஏறிவரும் காலத்தில் புத்திசாலித்தனமான கணக்காகாது.

ஆர்க்கிடின் விதை தாவர உலகில் தனித்தன்மை உடையது. ஒரு காய்க்குள் ஆயிரக்கணக்கில் தொடங்கிச் சில இனங்களில் பத்து லட்சத்துக்கும் மேலாக விதைகள் இருக்கும். காய் வெடித்ததும் அவை காற்றில் மிதந்து பரவும். பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த நீளமுடையவை. ஒரு கிராம் எடையில் பல லட்சம் விதைகள் அடங்கும். எடையை இந்த அளவுக்குக் குறைக்கச் செடி கொடுத்த விலை பெரியது: நெல்லிலும் தேங்காயிலும் கருவுக்கு உணவாக இருக்கும் முளைசூழ்தசை என்னும் சேமிப்புத் திசு ஆர்க்கிட் விதையில் இல்லை. மெல்லிய உறைக்குள் சில நூறு உயிரணுக்கள் கொண்ட, இலை வேர் எனப் பிரியாத ஒரு கரு மட்டுமே உண்டு. ஆகவே அது தானாக முளைக்க இயலாது. ஏற்ற பூஞ்சை ஒன்று விதைக்குள் நுழைந்து, வெளியிலிருந்து சர்க்கரையையும் பிற சத்துகளையும் கொண்டுவந்து கொடுத்தால்தான் கரு பருத்து, புரோட்டோகார்ம் எனப்படும் சிறு பச்சை உருண்டையாகி, பின்னர் இலையும் வேரும் விடும். இந்த உண்மையை 1899-இல் பிரான்சின் நோயல் பெர்னார் கண்டறிந்தார். பூஞ்சை செய்யும் வேலையைச் சர்க்கரை கலந்த அகார் ஊடகமே செய்யும் என்பதை அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயிஸ் நட்சன் 1922-இல் நிறுவினார். உலகின் இன்றைய ஆர்க்கிட் வணிகம் நட்சனின் குடுவையிலிருந்து கிளம்பியது என்று சொன்னால் அது மிகையாகாது. விதையைச் சேமித்து வைப்பதற்குப் பொருள் உண்டானதும் அப்போதுதான், ஏனெனில் முளைக்க வைக்கத் தெரியாத விதையைச் சேமித்து ஆவது ஒன்றுமில்லை.

விதைகளை அறிவியலாளர்கள் முதன்மையாக இருவகையாகப் பிரிப்பர். நெல், கேழ்வரகு, அவரை போல நன்றாக உலர்த்திக் குளிரில் வைத்தால் நீண்டகாலம் உயிரோடிருப்பவை ஒருவகை; பலா, மா போல உலர்ந்தாலே செத்துவிடுபவை மற்றொருவகை. ஆர்க்கிட் விதைகள் பெரும்பாலும் முதல்வகையின் இயல்பைக் காட்டுகின்றன, உலர்த்துதலைத் தாங்குகின்றன. ஆனால் அவற்றின் ஆயுள் குறுகியது. சாதாரண அறை வெப்பத்தில் பல இனங்களின் விதை சில மாதங்களிலேயே முளைப்புத்திறனை இழந்துவிடும். வழக்கமான விதை வங்கிகளில் பின்பற்றப்படும் மைனஸ் 18 அல்லது மைனஸ் 20 டிகிரி செல்சியஸ் குளிரிலும் சில இனங்கள் எதிர்பார்த்ததைவிட விரைவாக நலிகின்றன. ஆர்க்கிட் கருவில் மாவுப்பொருளுக்குப் பதிலாகக் கொழுப்பே மிகுந்திருப்பதும், அந்தக் கொழுப்பு சில குறிப்பிட்ட வெப்பநிலைகளில் உறைந்து நிலைமாறுவதும் இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

இந்த இடைஞ்சலைக் கடக்கும் வழிதான் உறைகுளிர்ச் சேமிப்பு. மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் திரவ நைட்ரஜனில் விதைகளை அமிழ்த்தி வைத்தால், உயிரணுவுக்குள் நிகழும் வேதிவினைகள் அனைத்தும் ஏறக்குறைய நின்றுவிடுகின்றன. மூப்படைவதற்குரிய மாற்றங்களும் நின்றுவிடுவதால் கோட்பாட்டளவில் விதையின் ஆயுள் நூற்றாண்டுகளாக நீளும். குளிர் நேரடியாக விதையைக் கொல்வதில்லை. உயிரணுவுக்குள் இருக்கும் நீர் பனிப்படிகமாக மாறும்போது அந்தப் படிகங்களின் கூர்முனைகள் சவ்வுகளைக் கிழிப்பதே மரணத்துக்குக் காரணம். எனவே உறைகுளிர் முறையின் நுட்பம் முழுவதும் நீரைக் கையாள்வதில் இருக்கிறது. முதல்வழி, உறைவதற்குரிய நீர் மிஞ்சாத அளவுக்கு விதையை உலர்த்திவிடுவது. இங்கிலாந்தின் கியூ தாவரவியல் தோட்டத்தில் பணியாற்றிய ஹியூ பிரிச்சர்ட், தரை ஆர்க்கிடுகளும் தொற்று ஆர்க்கிடுகளுமாகப் பல இனங்களின் உலர்விதைகள் திரவ நைட்ரஜனிலிருந்து உயிரோடு மீள்வதை 1984-இல் வெளியிட்ட கட்டுரையில் காட்டினார். இரண்டாவது வழி, மிஞ்சியிருக்கும் நீரைப் படிகமாக விடாமல் கண்ணாடிபோல் இறுகச் செய்வது. ஜப்பானின் அகிரா சகாய் குழுவினர் 1990-இல் அறிமுகப்படுத்திய, கிளிசரால், எத்திலீன் கிளைக்கால், டைமெத்தில் சல்ஃபாக்சைடு, சர்க்கரை ஆகியவை கலந்த கரைசல் இதற்கு உலகெங்கும் பயன்படுகிறது. வடகிழக்கு இந்தியாவின் புகழ்பெற்ற நீல வாண்டாவின் விதைகளை இக்கரைசலில் 70 நிமிடம் ஊறவைத்துத் திரவ நைட்ரஜனில் இட்டு மீட்டபோது 67 விழுக்காடு விதைகள் முளைத்ததாகத் தாய்லாந்து ஆய்வாளர்கள் 2007-இல் அறிவித்தனர். கல்வராயன் பகுதியின் வாண்டா டெசல்லேட்டா இதே பேரினத்தைச் சேர்ந்தது என்பதால் இம்முடிவு நம்பிக்கை தருவது. ஆயினும் ஓர் இனத்துக்குப் பொருந்திய கால அளவும் கரைசலும் இன்னொன்றுக்கு அப்படியே பொருந்தும் என்று கொள்ள முடியாது, ஒவ்வொன்றுக்கும் தனியே சோதித்தறிய வேண்டும்.

செய்முறை கேட்பதற்கு எளிமையானது. காய் முற்றி மஞ்சள் நிறம் தட்டும்போது, வெடிப்பதற்குச் சற்று முன்பாக அதைப் பறித்துக் காகித உறையிலிட வேண்டும். நெகிழிப் பையில் இட்டால் வேர்த்துப் பூசணம் பிடித்துவிடும். விதைகளைத் தனியே கொட்டி, சிலிக்கா ஜெல் போன்ற ஈரம் உறிஞ்சியுடன் மூடிய பெட்டியில் சில நாள்கள் உலர்த்தவேண்டும். கரு உயிரோடிருக்கிறதா என்பதை அறிய ஒரு சிறு பகுதியை டெட்ரசோலியம் என்னும் வேதிப்பொருளில் ஊறவைப்பார்கள். உயிருள்ள கரு சிவப்பாக மாறும், இறந்தது வெளுத்தே இருக்கும். பிறகு திருகுமூடியுள்ள சிறு குப்பிகளில் விதைகளை அடைத்துத் திரவ நைட்ரஜன் கலத்தில் இறக்குகிறார்கள். மீட்டெடுக்கும்போது வெதுவெதுப்பான நீரில் குப்பியை விரைந்து சூடாக்கிவிட வேண்டும், மெல்ல உருகவிட்டால் இடையில் படிகங்கள் தோன்றி விதை கெடும். அதன்பின் விதைகளைக் கிருமிநீக்கம் செய்து நட்சன் வழிவந்த ஊடகத்தில் தூவி, முளைப்பு விகிதத்தைக் கணக்கிடுவார்கள். விரல் நீளக் குப்பி ஒன்றுக்குள் ஒரு மலையின் ஓர் இனம் முழுவதற்கும் போதுமான விதைகள் அடங்கும் என்பதால், பெரும்பாலான தாவரக் குடும்பங்களுக்கு இல்லாத சிக்கனம் ஆர்க்கிடுகளுக்கு வாய்த்திருக்கிறது.

திரவ நைட்ரஜன் என்ற பெயரைக் கேட்டதும் இது பெருநகர ஆய்வுக்கூடங்களுக்கே உரிய சமாச்சாரம் என்று தோன்றலாம். உண்மையில் கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மாடு வளர்ப்போருக்கு அது தெரிந்த பொருளே. கால்நடை மருந்தகங்களில் பசுக்களுக்குப் போடப்படும் சினை ஊசிக்கான உறைவிந்துக் குச்சிகள், அதே மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன் நிரப்பிய அலுமினியக் கலங்களில்தான் கிராமங்களுக்கு வந்துசேர்கின்றன. அக்கலம் மின்சாரம் இல்லாமலே இயங்கும். ஆவியாகும் அளவுக்கு நைட்ரஜனைக் குறித்த நாளில் நிரப்பிக்கொண்டிருந்தால் போதும், மின்வெட்டால் கெடும் குளிர்ப்பெட்டியைவிட ஒருவகையில் நம்பகமானது. நிரப்ப மறந்தால் அத்தனையும் பாழ் என்பதும் உண்மைதான். ஆகவே கருவியோ பொருளோ இங்குத் தடையில்லை, ஆண்டுக்கணக்கில் தவறாமல் கவனிக்கும் ஒரு நிறுவனமே தேவை.

அத்தகைய நிறுவனங்கள் நாட்டில் உள்ளன. புதுதில்லி பூசா வளாகத்தில் இயங்கும் தேசியத் தாவர மரபணு வளங்கள் பணியகம், பயிர்களின் தேசிய மரபணு வங்கியோடு 1980களிலிருந்து ஓர் உறைகுளிர் வங்கியையும் நடத்திவருகிறது; விதைகள், கருவச்சுகள், மகரந்தம், தண்டு நுனிகள் என வெவ்வேறு வடிவங்களில் தாவர உயிர்ப்பொருள் அங்குத் திரவ நைட்ரஜனில் வைக்கப்பட்டுள்ளது. அறை வெப்பத்தில் விரைவிலேயே முளைப்புத்திறன் குன்றும் வேப்பங்கொட்டையை உறைகுளிரில் காப்பதற்கான ஆய்வுகளும் அங்கு நடந்துள்ளன. சிக்கிமின் பாக்யோங்கில் 1996-இல் தொடங்கப்பட்ட தேசிய ஆர்க்கிட் ஆராய்ச்சி மையம் பெரிதும் வணிகத்துக்குரிய இமயமலை இனங்களையே கவனிக்கிறது. இங்கிலாந்தின் வேக்ஹர்ஸ்டில் 2000-இல் திறக்கப்பட்ட மில்லெனியம் விதை வங்கியும், அதன் அறிவியலாளர்கள் ஆசிய, லத்தீன் அமெரிக்க நாடுகளை இணைத்து 2007-இல் தொடங்கிய ஆர்க்கிட் விதைச் சேமிப்புத் திட்டமும், எளிய உலர்த்தும் முறைகளை ஏழை நாடுகளின் கல்லூரிகளுக்கும் கொண்டுசென்றன. கல்வராயனுக்கு மிக அருகில் இருப்பது ஏற்காடு. சேர்வராயன் மலைமீதுள்ள அவ்வூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் 1960களிலிருந்து தேசிய ஆர்க்கிட் தோட்டத்தை நடத்திவருகிறது. தென்னிந்திய ஆர்க்கிடுகள் பலவற்றை உயிருள்ள செடிகளாக அங்குக் காணலாம். உயிருள்ள செடித் தொகுப்பு அழகானது, கற்பிப்பதற்கு உதவுவது, ஆனால் ஒரு பூஞ்சை நோயோ சில ஆண்டுக் கவனக்குறைவோ அதை அழித்துவிடக்கூடும். மேலும் ஓர் இனத்துக்குச் சில செடிகளுக்கு மேல் வைக்க அங்கு இடம் போதாது. இவ்விரண்டு குறைகளையும் விதைக்குப்பி தீர்க்கிறது. எனவே தோட்டமும் குப்பியும் ஒன்றுக்கொன்று துணையாகவே இயங்க வேண்டும்.

இம்முறையின் எல்லைகளையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். உறைய வைக்கப்பட்ட விதை மீண்டும் காட்டுக்குத் திரும்பும்போது, அதை வளர்த்தெடுத்த பூஞ்சை அங்கு இருந்தாக வேண்டும். டுலாஸ்நெல்லா, செரட்டோபேசிடியம் போன்ற பேரினங்களைச் சேர்ந்த அந்தப் பூஞ்சைகள் மரப்பட்டையிலும் மண்ணிலும் கண்ணுக்குத் தெரியாமல் வாழ்பவை. மரம் போனால் அவையும் போகும். இதை உணர்ந்த கியூ ஆய்வாளர்கள், ஐரோப்பியத் தரை ஆர்க்கிடுகள் இரண்டின் விதைகளை அவற்றின் பூஞ்சையோடு சேர்த்து ஆல்ஜினேட் என்னும் கடற்பாசிக் கூழ்மணிக்குள் பொதிந்து உலர்த்தி உறைய வைக்க முடியும் என்று 2000-இல் காட்டினர். விதைகளை மட்டும் தில்லிக்கு அனுப்பிவிட்டுப் பணி முடிந்ததாகக் கருதும் திட்டத்தைவிட, வேரிலிருந்து பிரித்தெடுத்த பூஞ்சையையும் அதே கலத்தில் வைக்கும் திட்டமே பயனுள்ளது. மகரந்தச் சேர்க்கை செய்யும் பூச்சியை எந்தக் கலத்திலும் வைக்க இயலாது. ஆர்க்கிடுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இனங்கள் தேன் எதுவும் தராமல் தோற்றத்தாலும் மணத்தாலும் பூச்சிகளை ஏய்த்து மகரந்தம் பரப்புபவை, ஆகையால் அவை காய்ப்பதே குறைவு. பூச்சிகள் அருகினால் அந்தக் குறைந்த காய்ப்பும் இல்லாமல் போகும்.

காய் பறிப்பதிலும் முறை வேண்டும். ஒரு செடியின் காய்கள் அனைத்தையும் எடுத்துவிட்டால் லட்சக்கணக்கான விதைகள் கிடைக்குமேயொழிய, அவை அனைத்தும் ஒரே தாயின் மக்களாகவே இருக்கும். பத்து மரங்களில் உள்ள பத்துச் செடிகளிலிருந்து ஒவ்வொரு காயாக எடுத்து, எஞ்சியவற்றைக் காட்டுக்கே விட்டுவிடுவதுதான் மரபணு வேறுபாட்டைப் பிடித்துவைக்கும் வழி. எந்த மரம், எந்த உயரம், எந்தச் சரிவு, எந்தத் தேதி என்ற குறிப்பு குப்பியோடு இல்லையென்றால், அந்த விதை முளைத்தாலும் பாதி மதிப்பை இழந்ததே. இங்குதான் மலையாளி மக்களின் துணை இன்றியமையாததாகிறது. தேனுக்காகவும் கடுக்காய்க்காகவும் ஆண்டுதோறும் அதே மரங்களை நாடிச் செல்பவர்களுக்கு எந்தக் கிளையில் எது எப்போது பூக்கும் என்பது தெரியும். ஓரிரு முறை வந்துபோகும் ஆய்வாளருக்குத் தெரியாது. 2002-ஆம் ஆண்டின் உயிரியப் பன்மைச் சட்டம் உள்ளாட்சிதோறும் உயிரியப் பன்மை மேலாண்மைக் குழு அமைத்து மக்கள் பதிவேடு எழுதச் சொல்கிறது. ஆர்க்கிடுகளும் அவை பூக்கும் காலமும் அப்பதிவேட்டில் ஏறினால், விதை சேகரிப்புக்கு அதைவிடச் சிறந்த நாள்காட்டி வேறு தேவையில்லை.

மலைமீதுள்ள வெள்ளிமலையிலோ கள்ளக்குறிச்சியிலோ பெரிய உறைகுளிர் நிலையம் கட்டவேண்டும் என்று கோருவது வீண். உலர்த்தும் பெட்டியும் நுண்ணோக்கியும் உள்ள ஒரு கல்லூரி ஆய்வகம், காய் பறிக்க வனத்துறையின் அனுமதி, ஏற்காட்டுத் தோட்டத்தின் இனங்காணும் திறன், இறுதிச் சேமிப்புக்குத் தில்லியிலோ பாலோட்டிலோ இடம் ஆகிய நான்கும் ஒரே ஆண்டில் இணைந்தால் பணி தொடங்கிவிடும். சாலை விரிவாக்கத்துக்காகப் பழைய புளியமரங்களையும் மாமரங்களையும் வெட்டும் வேளையில் கிளைகளோடு ஆர்க்கிடுகளும் விறகுக்குப் போய்விடுகின்றன. அம்மரங்களிலிருந்து முற்றிய காய்களை முன்னதாக எடுத்துச் சேமிப்பதற்குச் செலவு ஏறக்குறைய எதுவுமில்லை. மலையடிவார ஊர்களில் வாழ்வோர், கிளையில் பூத்திருக்கும் செடியை வீட்டு மாமரத்தில் கட்டிவைக்கலாம் என்று பிய்த்து வராமல் இருக்க வேண்டும். காப்புக்காட்டிலிருந்து அவ்வாறு எடுப்பது சட்டப்படியும் குற்றம். ஆர்க்கிட் படர்ந்த மரம் ஒன்று வெட்டப்படப் போகிறது என்று தெரிந்தால், அதை முன்கூட்டியே வனச்சரக அலுவலகத்துக்கோ அருகிலுள்ள கல்லூரியின் தாவரவியல் துறைக்கோ தெரிவிக்க வேண்டும்.